குருவம்மாள் கல்யாண வீடியோவின் வலது ஓரம்

தாழங்கோட்டையில் பதினைந்து வருஷமாக எல்லாரும் குண்டாக இருந்தார்கள், டிவியில் மட்டும். பழைய டப்பா டிவிகளைப் பரணில் ஏற்றிவிட்டு, சுவரோடு ஒட்டுகிற அகல டிவிகளை ஊரே வாங்கி மாட்டிய காலத்தில், பழைய கல்யாண வீடியோக்கள் அதற்குள் வந்து நடுவில் ஒடுங்கி நின்றன, இரண்டு பக்கமும் ஒரு சாண் கருப்பு விழுந்தது. இவ்வளவு பெரிய டிவியை வாங்கி ஓரத்தில் துக்கத்துணி கட்டினமாதிரி இது என்ன கோலம் என்று ஊரே ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அமுக்க, நாலுக்கு மூன்றாக இருந்த படம் பதினாறுக்கு ஒன்பதாக இழுபட்டு, மாப்பிள்ளைகளின் முகம் பூசணியாகி, லட்டு முட்டையாகி, ஒல்லிக்குச்சி நாதஸ்வரக்காரர் பலூன் விற்பவராகி, சுவரை அடைத்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி என்று சொல்லிக்கொண்டார்கள்.

கேட்டது சுடர்க்கொடி மட்டும்தான். அவள் கேட்டாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, ஏனென்றால் கேட்பது அவளா, இல்லை வேறு யாரையாவது நடித்துக் காட்டுகிறாளா என்று தெரியாது. பதினேழு வயதுத் தொண்டைக்குள் ஊரையே குடிவைத்திருந்தாள். மினிபஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், நாகர்கோவிலில் இருந்து வந்து முப்பது வருஷம் ஊருக்கே பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, வால்வு திறக்கிற மரியசூசையின் குரலில் அவள் இருமிய இருமலுக்கே மூன்று தெருக்காரர்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். ஆனால் அவளுக்கு அச்சு அசலாக வருவது அம்மா குருவம்மாளின் குரல். கடைசி எழுத்தை மூக்கில் இழுத்து, கதவைச் சாத்துவதுபோல டக்கென்று நிறுத்துகிற குரல்.

அந்தக் குரலில்தான் ஆவணி மாதம் ஒரு மத்தியானம் மாமாவுக்குப் போன் போட்டாள்.

மாமா என்றால் தவசிலிங்கம், குருவம்மாளின் ஒரே அண்ணன், கீழத்தெருவில் தையல்கடை. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு அண்ணனும் தங்கையும் பேசி இருபத்தாறு வருஷமாகிறது. குருவம்மாளின் கல்யாணப் பத்திரிகையில், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே இருபத்திரண்டு பேர் பெயர் இருந்தது, தவசிலிங்கத்தின் பெயர் மட்டும் இல்லை. யார் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அச்சாபீஸ்காரர் வீட்டைச் சொன்னார், வீடு அச்சாபீஸைச் சொன்னது. பெயர் இல்லாத கல்யாணத்துக்கு நான் எப்படி வருவது என்று அண்ணன் சொல்லியனுப்பினான். பத்திரிகையில் அச்சடித்தால்தான் அண்ணனா என்று தங்கை திருப்பிச் சொல்லியனுப்பினாள். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மேடைக்குக் கூட்டிவர வேண்டிய கூடப்பிறந்தவன் வராமல், பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் கூட்டிவந்தான். அது வீடியோவில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை அந்த இடம் வரும்போதும் குருவம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சுடரு போன் போட்டது விளையாட்டுக்குத்தான். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று அம்மா குரலில் அலறினால் மாமா எப்படி ஓடிவருவார் என்று பார்க்க ஆசை. “அண்ணே” என்றாள். அவ்வளவுதான். அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றுபோனது. பிறகு, இந்த வாயில் இப்படி ஒரு குரல் இருக்கிறதா என்று சுடருக்கே அதிசயமான ஒரு மெல்லிய குரலில் தவசிலிங்கம் சொன்னார்:

“நான் வந்தேன் தாயி. உன் கல்யாணத்துக்கு வந்தேன். பந்தலுக்குப் பக்கவாசல்ல நின்னு, தாலி கட்டுறதப் பாத்துட்டுத்தான் போனேன்.”

பாம்பு தொண்டையிலேயே சுருண்டுகொண்டது. சுடரு போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகு, பேசியது யார் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் மறுநாளிலிருந்து அவள் சைக்கிளில் கடையைத் தாண்டும்போதெல்லாம் பெரிய கத்திரிக்கோலைத் தூக்கி, தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அக்கா அன்புக்கொடிக்குத் தை மாதம் கல்யாணம். தாய்மாமன் போடுகிற மாலைதான் முதல் மாலை. அந்த இடத்தில் குருவம்மாள் தன் சித்தப்பா மகன் கோமதிநாயகத்தை நிறுத்துவதாக முடிவு செய்திருந்தாள், பத்திரிகையிலும் ஏற்றப்போகிறார்கள். அவனும் இப்போதே தாய்மாமன் நடை நடக்க ஆரம்பித்திருந்தான். அக்கா யாருக்கும் தெரியாமல் அழுதாள். சுடருக்கு மாமா வந்த கதை தெரியும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எப்படி என்று சொன்னால் கத்திரிக்கோலை முந்திக்கொண்டு அம்மாவே நாக்கை எடுத்துவிடுவாள்.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை, முறைகளை எல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் அந்தக் கல்யாண வீடியோவைப் போட்டார்கள். சுடரு ரிமோட்டை மைக்காகப் பிடித்துக்கொண்டு செய்தி வாசித்தாள், கை நழுவி ரிமோட் ரசத்தில் விழுந்தது, அகலப் பொத்தான் செத்தது, படம் தன் பழைய அளவுக்குச் சுருங்கி நடுவில் நின்றது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் ஒல்லியானார்கள். இரண்டு ஓரத்துக் கருப்பும், டீயில் பால் விழுந்ததுபோல மெல்ல வெளுத்தது. வெளுத்த இடத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

இடது ஓரத்தில் ஒரு பையன் பந்தல் வாழைமரத்தில் தாரை அறுத்துக்கொண்டிருந்தான். வலது ஓரத்தில் பந்தல் தட்டி, ஒரு கம்பம், கம்பத்துக்கு அப்பால் ஒரு வெள்ளைச் சட்டையின் முழங்கை. கேமராவுக்குள் வராத, ஆனால் அங்கேயே இருந்த கல்யாணம். அப்பா செண்பகராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இடது ஓரத்துப் பையனைக் காட்டி, இவன்தான் வாழைத்தாரைத் திருடினவன், நான் பாவம் பந்தல்காரனைத் திட்டிவிட்டேன் என்றார். அதற்குமேல் அவருக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

ஊருக்கும் இல்லை. சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் பொத்தானை அமுக்கி அகலத்தைக் குறைத்தார்கள், எல்லா வீட்டு ஓரமும் வெளுத்திருந்தது. யார் செய்தது, எப்படி வந்தது என்று ரெண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாளில் இருந்து என்னென்ன தெரிகிறது என்றுதான் பேச்சு. மூக்கன் வீட்டு வளைகாப்பில், விரதத்தில் மயங்கிவிழுந்ததாக இருபது வருஷமாகச் சொல்லிவந்த மாமியார், இடது ஓரத்தில் வடையைக் கடித்துக்கொண்டு விழுவதற்குத் தோதான இடம் தேடிக்கொண்டிருந்தாள். கவுன்சிலர் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த பொதுக்கூட்ட வீடியோவில் நடுவில் ஜனக்கடல், இரண்டு ஓரத்திலும் அடுக்கிவைத்த காலி நாற்காலி, ஒன்றின்மேல் ஒரு நாய் மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சமையல்காரி முத்துக்கிளி, ஊரில் நூறு கல்யாணத்துக்குச் சமைத்தவள், ஒரு வீடியோவிலும் இல்லாதவள், இப்போது ஒவ்வொரு வீட்டு ஓரத்திலும் கரண்டியோடு தெரிந்தாள். அவள் வீடு வீடாகப் போய்த் தன்னைப் பார்த்து, இந்த வருஷம் நான் கொஞ்சம் கருத்திருக்கேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சினிமாவும் தப்பவில்லை. தியேட்டருக்காக எடுத்த அகலப்படங்களை டிவியில் போட்டால் கருப்பு மேலும் கீழும் விழுமல்லவா, அது வெளுத்தபோது ராஜசபைக்கு மேலே பலகையில் உட்கார்ந்து ஒருத்தர் தூக்குச்சட்டியில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், வீரவசனம் பேசுகிற கதாநாயகனின் காலுக்குக் கீழே ஒரு ஸ்டூல் இருந்தது. ஆனால் ஊரை நடுங்கவைத்தது போன்தான். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ டிவியில் ஒற்றை ஜன்னல் கம்பிபோலத்தான் நிற்கும், மற்றதெல்லாம் ஓரம். ஓரம் பெரிதானால் வெளியே வருவதும் பெரிது. சென்னையில் ஆபீஸில் இருக்கிறேன் என்று பேசி அனுப்பிய ஒருத்தன் பின்னால் தாழங்கோட்டை டீக்கடையின் பாய்லர் முழுசாக வந்தது. போனைப் படுக்கவைத்து எடு, படுக்கவைத்து எடு என்று வீடியோக்கடை பால்வண்ணன் பத்து வருஷம் கத்தியும் கேட்காத ஊர், ஒரே வாரத்தில் படுக்கவைத்துப் பழகியது.

பஞ்சாயத்து கூடி, அடுத்தவர் வீட்டு ஓரத்தை அனுமதி இல்லாமல் பார்க்கக்கூடாது என்றும், வேண்டாதவர்கள் பழைய பொத்தானை அமுக்கி மூடிக்கொள்ளலாம் என்றும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பாதி ஊர் திரும்பவும் குண்டானது.

பால்வண்ணனுக்குத்தான் நிம்மதி போனது. முப்பது வருஷமாக ஊர்க் கல்யாணங்களை எடுத்தவர். ஓரத்தில் தெரிந்தவர்கள் எல்லாம் கடைவாசலில் வந்து நின்று, எங்களை ஏன் வெளியே விட்டாய் என்று கேட்டார்கள். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, நான் யாரையும் வெளியே விடவில்லை, எனக்குக் கொடுத்தது நாலுக்கு மூன்று, அதற்குள் மணமக்களும் ஐயரும் பெரியாட்களின் வயிறும்தான் கொள்ளும் என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

சுடரு அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து அவரைக் கேட்ட கேள்வி வேறு. டிவி இன்னும் அகலமாக இருந்தால் ஓரம் இன்னும் நீளுமா? பால்வண்ணன் துடைப்பதை நிறுத்தினார். நீளும் என்றார். படத்தின் உயரம் அப்படியே நிற்க, திரை அகல அகல மிச்சம் எல்லாம் ஓரம்தானே. பதினாறுக்கு ஒன்பதைவிட அகலம் எது என்று கேட்டாள். அவர் தெருக்கோடியில் இருந்த ஜெயராணி தியேட்டரின் தகரக்கூரையைப் பார்த்தார். ஸ்கோப் திரை. அடுத்த ஜில்லா வரைக்கும் அந்த அகலத்தில் இன்னொன்று கிடையாது.

சுடருக்கு வேண்டியது ஒரு முழம்தான். கம்பத்துக்கு அப்பால் தெரிந்த முழங்கையின் சொந்தக்காரர். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாததாலேயே எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். குருவம்மாள் இப்போது அடுப்படிக்கு எழுந்து போவதை நிறுத்தியிருந்தாள். பூ கட்டுகிற சாக்கில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள், முழங்கை வரும்போது மட்டும் கை நின்றுவிடும்.

அந்த வீடியோவில் குடும்பமே சிரிக்கிற ஓர் இடம் உண்டு. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுப்பார், கெட்டிமேளம் இன்னும் தொடங்கியிருக்காது, யாரும் அட்சதை போட்டிருக்க மாட்டார்கள். அதற்குள் வலதுபக்கம் இருந்து ஒரு பிடி மஞ்சள் அரிசி மட்டும் தனியாகப் பறந்துவந்து பெண்ணின் முகத்தில் அடிக்கும். பெண் கண்ணைச் சுருக்கி, யார்டா அது என்று முறைப்பாள். இருபத்தாறு வருஷமாக அந்த அவசரக்காரன் யார் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.

சுடரு மெல்லச் சொன்னாள், அந்த முழங்கை மாமாவோ என்னவோ என்று. குருவம்மாள் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஊர்ல ஒரே ஆளுக்குத்தான் முழங்கை இருக்காக்கும்” என்றாள்.

அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த கோமதிநாயகம் டம்ளரை வைத்துவிட்டு, இதில் மறைக்க என்ன இருக்கிறது, அது என் முழங்கைதான், அன்றைக்கு நான்தான் பக்கவாசலில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தினேன் என்றான். எல்லாரும் அவன் முழங்கையைப் பார்த்தார்கள். அவன் அதை மடக்கியும் நீட்டியும் காட்டினான். தாய்மாமன் இடத்துக்கு நிற்கப்போகிறவன் அன்றைக்கே காவலுக்கு நின்றிருக்கிறான் என்று அத்தைமார் உச்சுக்கொட்டினார்கள். குருவம்மாள் மட்டும் பூவைக் கீழே வைத்தாள். பால்வண்ணனைக் கூப்பிடு, தியேட்டர்லயே போட்டுப் பார்த்துவிடலாம், நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்றாள்.

ஐப்பசி மழை கட்டிநின்ற காலைக்காட்சி. விளக்கு வைக்க வேண்டிய அளவுக்கு இருட்டு. வழக்கமாக ஏழு பேர் வருகிற காட்சிக்கு ஊரே வந்திருந்தது, தவசிலிங்கத்தைத் தவிர. தங்கை இருக்கிற இடத்துக்குள் அவர் வரமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். பால்வண்ணன் பென்டிரைவை மாட்டினார். ஸ்கோப் திரையின் நடுவில் குருவம்மாளும் செண்பகராஜும் ஒல்லியாக உட்கார்ந்தார்கள், இரண்டு பக்கமும் கருப்பு வெளுத்து வெளுத்து, பந்தல் விரிந்து, தட்டி விரிந்து, அண்டா அடுப்பு, வெற்றிலைக்கூடை, ஒன்றுக்குப் போகிற குழந்தை என்று கல்யாணம் சுவரில் இருந்து சுவர் வரை பரவியது. வலது ஓரத்தில் கம்பத்துக்கு அப்பால் பக்கவாசல் முழுசாக வந்தது. வாசலில் ஓர் ஆள் நின்றான்.

ஆள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய திரையில் அவன் முகம் ஐந்தாறு பழுப்புக் கட்டம், சட்டை முப்பது வெள்ளைக் கட்டம், கழுத்தோரம் மேலிருந்து கீழாக நாலைந்து மஞ்சள் கட்டம். நான்தான், பாருங்க என்றான் கோமதிநாயகம். கொஞ்சம் அவன் மாதிரியும் இருந்தது. கொஞ்சம் மரியசூசை மாதிரியும் இருந்தது. குருவம்மாள் எழுந்து முன்வரிசையைத் தாண்டி, திரைக்கே போய், அந்தக் கட்டங்களின்மேல் கையை வைத்தாள். கிட்டே போகப் போக ஆள் இல்லாமல் போனான். கட்டம் போட்ட கைலிச் சாரம்தான் மிஞ்சியது.

“இன்னும் கொஞ்சம் துலக்கமா வை பால்வண்ணா” என்றாள்.

“வைக்க முடியாதுக்கா. கேசட்டுல இருக்கதே இருநூத்தி நாப்பது கோடு. இதுக்குமேல ரெசல்யூஷன் கிடையாது. இருக்க மாவு அவ்வளவுதான், கல்லு பெருசுன்னு தோசையை இழுத்தா ஓட்டைதான் விழும்.”

குருவம்மாள் திரைக்குக் கீழேயே நின்றாள். சரி, கோமதிநாயகம் பேரையே போட்டுடுங்க என்று சொல்லத்தான் அவள் வாய் திறந்தது என்று பின்னால் எல்லாரும் சொன்னார்கள்.

அந்த நேரம் சுடரு முறுக்கு வாங்க வெளியே போயிருந்தாள். தியேட்டரைக் கட்டினவர் சிக்கனக்காரர். திரைக்கு நேரே கதவு, கதவுக்கு நேரே டிக்கெட் கொடுக்கிற இடம், அதற்கு நேரே தெருக்கேட்டு என்று ஒரே கோட்டில் அடித்திருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் முறுக்குப் பொட்டலத்தோடு திரும்பியவள், திறந்த கதவுகள் வழியே திரையைப் பார்த்தாள். அங்கிருந்து அது தீப்பெட்டி அளவு. தீப்பெட்டியின் வலது ஓரத்தில் கட்டம் ஒன்றையும் காணோம், ஆள் இருந்தான்.

ஓடி உள்ளே வந்தாள். சுடரு சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் நெஞ்சை நிமிர்த்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பதுபோல் பார்த்து, முப்பது வருஷம் ஊருக்கே பாடம் நடத்திய நாகர்கோவில் குரலை எடுத்தாள்.

“எல்லாரும் எழும்பி, வரிசையா, பின்னால போங்க. பேசாம போணும்.”

ஊர் எழுந்தது. கவுன்சிலர் எழுந்தார், முத்துக்கிளி எழுந்தாள், கோமதிநாயகம் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். நிஜமான ஹெட்மிஸ்ட்ரஸும் நாலாவது வரிசையில் இருந்து எழுந்தார். திரையைப் பார்த்தபடியே எல்லாரும் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார்கள். கடைசி வரிசை வந்தபோது கட்டங்களின் மூலைகள் தேய்ந்தன. கதவு வந்தபோது பழுப்பில் ஒரு நெற்றியும் மூக்கும் பிரிந்தன. எல்லாருக்கும் கடைசியாக, யாரையும் பார்க்காமல், குருவம்மாள் பின்னால் வந்துகொண்டே இருந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. டிக்கெட் கொடுக்கிற இடத்தைத் தாண்டினாள். தூறலில் இறங்கி, கேட்டை நோக்கிப் பின்னாலேயே நடந்தாள். சுடரு அவள் பக்கத்திலேயே வந்தாள்.

தூரத்தில், தீப்பெட்டிக்குள், பக்கவாசலில் ஒருத்தன் நின்றான். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, மெஷினில் குனிந்து குனிந்து இறங்கிய தோள். மஞ்சள் கட்டங்கள் ஒன்றுசேர்ந்து, கல்யாணத்துக்கு வரும்போதும் கழற்ற மறந்த அளவு நாடாவாகக் கழுத்தில் தொங்கின. கோமதிநாயகம் ஒரு பித்தான்கூடத் தைத்ததில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு முறுக்கு இருக்கிறதா என்று கேட்டான். வாசலில் நின்றவனின் இடதுகையில் ஒரு மாலை கிடந்தது, யார் கழுத்துக்கும் போகாத மாலை.

ஐயர் தாலியை எடுத்தார். கெட்டிமேளம் இன்னும் தொடங்கவில்லை. பக்கவாசலில் நின்றவனின் வலதுகை உயர்ந்தது. ஒரு பிடி அரிசி அந்தக் கையை விட்டுக் கிளம்பி, ஓரத்தைக் கடந்து, இருபத்தாறு வருஷமாக ஓரமாக இருந்த கோட்டைக் கடந்து, நாலுக்கு மூன்றுக்குள் விழுந்து, பெண்ணின் முகத்தில் அடித்தது. பெண் கண்ணைச் சுருக்கி முறைத்தாள். இத்தனை வருஷமும் எல்லாரும் எங்கேயோ பார்த்து முறைக்கிறாள் என்று நினைத்தார்கள். அவள் நேராக அவனைத்தான் பார்த்து முறைத்திருக்கிறாள், அரிசி விழுந்த கண்ணுக்கு ஆள் தெரியவில்லை.

குருவம்மாள் இன்னும் ஓரடி பின்னால் வைத்தாள்.

“பாத்து, பின்னால படி இருக்கு” என்றது ஒரு குரல்.

கேட்டுக்கு வெளியே, அன்றைக்குப் பந்தலுக்கு நின்ற அதே தூரத்தில், குடைக்குள் தவசிலிங்கம் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா கிடந்தது. சுடரு திரும்பிப் பார்த்துவிட்டாள். குருவம்மாள் திரும்பவில்லை, கண் தீப்பெட்டியிலேயே இருந்தது.

“அண்ணே,” என்றாள், கடைசி எழுத்தை மூக்கில் இழுத்து, டக்கென்று நிறுத்தி. “அரிசிய எதுக்கு அவ்வளவு முந்திப் போட்ட? கண்ணுல விழுந்துச்சு.”

தவசிலிங்கம் குடையைத் தாழ்த்தினார். “ஏட்டி சுடரு, ஒருதடவை ஏமாந்தது போதும்” என்றார். “அவ குரல்ல இன்னொரு வார்த்த பேசினா நாக்க நறுக்கிருவேன்.”

சொல்லிவிட்டுக் குடையை விலக்கி, சுடரைப் பார்த்தார். சுடரு முறுக்குப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றாள்.